பஸ்ஸுக்குள் கடல் இருந்தால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்று உங்கள் நாளிதழில் வரும் பக்கங்களை எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளிலாவது கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அனிமேஷன், சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி உருவாக்கும் விஎஃப்எக்ஸ் பற்றியும் அதில் எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் எந்த சாஃப்ட்வேர், எத்தனை மாதம், முடித்தால் எங்கே வேலை என்பதோடு அது முடிந்துபோகிறது. அந்தப் படிப்பைப் படிக்கிற பிள்ளை ராத்திரி உட்கார்ந்து என்ன செய்கிறது, எதைச் செய்து பார்த்தால் அதற்கு விஷயம் பிடிபடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். திருச்சியில் ஒரு இன்ஜினியரிடம் 14 வருடமாக டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஆட்டோகேடில் வீட்டு பிளான், எலிவேஷன், படிக்கட்டு டீடெயில் போடுவேன். என் வேலையில் விளையாட்டுக்கு இடமில்லை. ஒரு படியின் உயரம் அரை அங்குலம் தப்பினால் மறுநாள் காலை மேஸ்திரி போன் செய்துவிடுவார். இரண்டு வருடமாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பிளெண்டர் என்ற முப்பரிமாண சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் நானே வீடியோ பார்த்துப் படித்தேன், அப்புறம் முறையாகக் கற்கலாம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். மையத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை ஒரு மையத்தோடு நிற்கிற குறையும் இல்லை.

அந்த வகுப்பில் என் பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்த தம்பிக்கு 19 வயது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஃபீஸ் கட்ட வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது மாதம் ‘ஒரு வாகனம் மாடல் செய்து வாருங்கள்’ என்றார்கள், அதாவது கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக உருவாக்கி வர வேண்டும். மற்ற எல்லாரும் கார் செய்தோம், நானும்தான். தம்பி ஒரு டவுன் பஸ் செய்தான். சீட்டு, கம்பி, டிக்கெட் கிழித்துப் போட்ட தரை, டிரைவர் தலைக்கு மேலே திருக்குறள் பலகை எல்லாம் சரியாக இருந்தது. பஸ்ஸுக்குள் பாதி ஜன்னல் உயரத்துக்குக் கடல் இருந்தது. அலை அடிக்கிற கடல். கிழித்துப் போட்ட டிக்கெட்டுகள் படகு மாதிரி மிதந்தன, கண்டக்டரின் தோல் பை மட்டும் ஒரு சீட்டின்மேல் நனையாமல் இருந்தது. பஸ்ஸுக்கு வெளியே ரோடு காய்ந்து கிடந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அதைப் பார்த்துவிட்டு, “பஸ் நல்லா இருக்கு. கடலை எடுத்துடு. இதெல்லாம் போர்ட்ஃபோலியோல வச்சா கிளையன்ட் சிரிப்பான்” என்றார். போர்ட்ஃபோலியோ என்பது வேலை கேட்டுப் போகும்போது காட்ட நாம் செய்தவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. அடுத்த வாரமும் தம்பி கடலை எடுக்காமல் கொண்டுவந்ததால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் போடவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வாரம் காலி பஸ்ஸைக் கொண்டுவந்து காட்டினான், பாஸ் ஆனான். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்தே இதை எங்கேயாவது எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஒன்று சொல்கிறேன். அந்தக் கடலை வைத்ததால்தான் அவனுக்கு பஸ் தெரிந்தது. இது எப்படி என்று புரிய, முப்பரிமாண சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிளெண்டரைத் திறந்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கனசதுரம் இருக்கும். ஜி அழுத்தினால் நகரும், எஸ் அழுத்தினால் பெரிதாகும், ஆர் அழுத்தினால் சுழலும். எவ்வளவு பெரிது என்று கேட்காது. அதைக் கல் ஆக்கலாம், கண்ணாடி ஆக்கலாம். உருவம் தனி, மேல்பூச்சு தனி, எடை தனி, வெளிச்சம் தனி. உலகத்தில் இவையெல்லாம் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருகின்றன. கல் என்றால் கனக்கும், கீழே விழும், நிழல் விழும். சாஃப்ட்வேரில் நாம் ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் உண்டு. சொல்ல மறந்தால் அது பாட்டுக்கு இருக்கும்.

எனக்கு இது புரிந்தது என் மகளால்தான். நாலாவது படிக்கிறாள். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லை நான் மாடல் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, “அப்பா, அதுக்கு ரெக்கை வச்சுடு, பாட்டி குனிய வேண்டாம்ல” என்றாள். சரி என்று இரண்டு இறக்கை வைத்தேன். இறக்கை காற்றில் ஆட வேண்டும் என்று துணிக்கான கிளாத் சிமுலேஷனைப் போட்டேன், போடும்போது இறக்கைக்குப் பதில் ஆட்டுக்கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், கவனிக்கவில்லை. பிளே அழுத்தினேன். ஆட்டுக்கல் ஈரச் சாக்கு மாதிரி மடிந்து மடிந்து தரையில் சரிந்தது. குழவி மட்டும் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. ஏனென்றால் ‘விழு’ என்று அதற்கு நான் சொல்லவே இல்லை. மகள் கைதட்டினாள். நான் அந்த ஃபிரேமை அப்படியே ரெண்டர் போட்டு, அதாவது கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் முழுப் படமாக எடுத்து, வைத்திருக்கிறேன். புவியீர்ப்பு என்பது பிளெண்டரில் மேல்கீழ் திசையான இசட் அச்சில் மைனஸ் 9.81 என்ற ஒரு எண், அந்த எண் ஒரு பொருளைத் தொட அந்தப் பொருள் அதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பதை எந்தப் பாடத்தில் படித்திருந்தாலும் எனக்கு இந்த அளவுக்கு மனதில் நின்றிருக்காது.

அந்தப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், ஓவியம் படித்தவர், இதைத்தானே சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவு மாதிரி பொருந்தாதவற்றைச் சேர்த்துப் படைத்த கலைஞர்கள், செய்தார்கள் என்றார். அவர் சொல்லித்தான் மெரெட் ஓப்பன்ஹைம் என்ற அப்படிப்பட்ட கலைஞரின் டீக்கோப்பையைப் படத்தில் பார்த்தேன். 1936-ல் பாரிஸில் செய்தது. ஒரு கோப்பை, சாசர், கரண்டி, மூன்றையும் மான் இன ரோமத்தால் போர்த்திவிட்டார். இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்ததும் உதட்டில் முடி பட்ட மாதிரி ஒரு கூச்சம் வருகிறதே, அது கோப்பையின் உருவத்தையும் அதன் பரப்பையும் பிரித்ததால் வருவது. பிளெண்டரில் ரோமம் போடக் கற்கிற யாரும் முதல் வாரத்திலேயே தெரியாமல் இதைச் செய்துவிடுவார்கள். பூனைக்குப் போட வேண்டிய முடியைத் தட்டுக்குப் போட்டுவிடுவோம். அதைத் தப்பு என்று அழித்துவிடுவதா, நின்று பார்ப்பதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நின்று பார்த்தால் முடி எந்தத் திசையில் சாய்கிறது, கோப்பையின் காதில் வளைவு திரும்பும் இடத்தில் ஏன் நெரிசலாகிறது, அடர்த்தியை எங்கே குறைக்க வேண்டும் என்று தானாகக் கண் போகும். பூனையில் அது கண்ணில் படாது. பூனைக்கு முடி இருப்பது நமக்குப் பழகிவிட்டது.

மலைக்கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தினமும் காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற பாறை, சுமார் 83 மீட்டர் உயரம், உச்சியில் பிள்ளையார். ரெனே மாக்ரித் என்ற பெல்ஜிய ஓவியர் 1959-ல் கடலுக்கு மேலே ஒரு பெரும்பாறை மிதக்க, அதன் தலையில் ஒரு கோட்டை இருக்கிற மாதிரி வரைந்திருக்கிறார். அதைப் பார்த்த அன்றே எனக்கு மலைக்கோட்டையைத் தூக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு உருண்டையை எடுத்து, நாய்ஸ் டெக்ஸ்சர் என்ற ஒழுங்கில்லாத வடிவத்தால் கரடுமுரடாக்கி, பாறை மாதிரி கொண்டுவர நாலு ராத்திரி ஆனது. தூக்குவதற்கு ஒரு நொடி. ஜி, இசட், மேலே இழுத்தேன். பாறை காவிரிக்கு மேலே போய் நின்றது.

ஆனால் மிதக்கவில்லை. ஒட்டவைத்த படம் மாதிரி இருந்தது. தூக்கியாகிவிட்டது, கீழே ஒன்றும் முட்டுக்கொடுக்கவில்லை, பின்னே ஏன் மிதக்கிற மாதிரி தெரியவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பாறையின் நிறத்தை மாற்றினேன், உயரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் பார்த்தால் சூரியனைச் சாய்வாக வைத்திருந்தேன், அதனால் பாறையின் நிழல் காவிரியில் விழாமல் கேமராவின் சட்டத்துக்கு வெளியே எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. சூரியனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். நிழல் பாறைக்கு நேர் கீழே மணலில் வந்து உட்கார்ந்ததும் பாறைக்கு எடை வந்துவிட்டது! ஆயிரக்கணக்கான டன் கல் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது என்று வயிற்றில் ஒரு பயம் வந்தது. அப்புறம் நிழலின் ஓரத்தைக் கவனித்தேன். பாறை உயரப் போகப் போக ஓரம் மங்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு தட்டாக இருப்பதால் அப்படி, பிளெண்டரில் சூரியனுக்குக் கோணம் என்று ஒரு அளவு இருப்பது இதற்குத்தான். அந்த எண்ணை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதற்கென்று தெரியாமல். பாறை தரையில் இருந்திருந்தால் இன்னும் தெரிந்திருக்காது.

அம்மா பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தூக்கிட்ட, சரிடா. படி ஏறிப் போறவங்க எப்படிப் போவாங்க?” அந்தக் கேள்விக்காக அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பாறை வரைக்கும் படிகளைத் தொங்கவிட்டேன். ஒரே ஒரு படி செய்து, அதை அரே மாடிஃபையரால் நானூறுக்கு மேல் பெருக்கி, ஒரு வளைகோட்டின் வழியே ஓடவிட்டேன். 14 வருடம் படிக்கட்டு வரைந்தவன் நான். தரையில் நிற்காத ஒரு படிக்கட்டைச் செய்தபோதுதான் படியின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.

இதெல்லாம் வேலையில்லாத வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் மாடல் செய்ய ஒரு வளைந்த பொருள் தேடிக்கொண்டிருந்தார். டீ குடிக்க உட்கார்ந்தபோது டீ செட்டையே செய்யலாமே என்று மனைவி சொல்ல, மேஜையில் இருந்த டீப்பாட்டை கிராஃப் தாளில் வரைந்து, எண்களாக்கிக் கணினிக்குள் கொண்டுபோனார். அதற்கு மூக்கு உண்டு, கைப்பிடியில் ஓட்டை உண்டு, தன் நிழல் தன்மேலேயே விழும். எந்த நிறமும் பூசாமலேயே டீப்பாட் என்று யாருக்கும் தெரியும். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்காது. அதற்கு முதலில் அடிப்பாகமே இல்லை, டீ ஊற்றினால் மேஜையில்தான் கொட்டும். பிறகு ஜிம் பிளின் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் அதை உயரத்தில் அமுக்கிக் குட்டையாக்கினார், அந்தக் குட்டை உருவமே நிலைத்துவிட்டது. அசல் டீப்பாட் கலிபோர்னியாவில் மவுண்டன் வியூவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திரையில் நாம் பார்ப்பதைவிட உயரமாக. 1987-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கனசதுரம் மாதிரி எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும், பிளேட்டோ பெயரால் வழங்கும் ஐந்து கன வடிவங்களோடு ஆறாவதாக இந்த டீப்பாட்டையும் வரிசையில் நிறுத்தி ஒரு படம் செய்தார்கள். பெரிய பெரிய ஆட்கள், பெரிய பெரிய கணக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த விளையாட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அல்லது டர்னர் விட்டெட் என்ற கணினி ஆராய்ச்சியாளர் 1980-ல் வெளியிட்ட கட்டுரையின் படத்தைப் பாருங்கள். ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் துரத்திப்போய், கண்ணாடியில் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் கணக்கிடும் முறை அது, இன்றைக்கு சினிமா கிராஃபிக்ஸுக்கு அதுதான் அடித்தளம், புதிய கேம்கள் பலவற்றிலும் பயன்படுகிறது. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட ஒரு தரை, அதற்கு மேலே அந்தரத்தில் இரண்டு உருண்டைகள், ஒன்று கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, இன்னொன்று பளபளக்கிறது. இப்படி ஒரு இடம் உலகில் கிடையாது. தரை ஏன் கட்டமாக இருக்கிறது? நேர்கோடு வளைந்தால்தான் ஒளி வளைந்தது தெரியும். உருண்டை ஏன் அந்தரத்தில்? எல்லாப் பக்கமும் பிரதிபலிப்பு தெரிய வேண்டும். பார்க்கக் கனவு மாதிரி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தம்பியின் பஸ்ஸுக்குள் இருந்த கடலும் அந்த ஜாதிதான்.

ஏனென்றால் அவன் ஜன்னலில் ஒரு வேலை செய்திருந்தான். இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல். பாதி உயரத்துக்குத் தண்ணீர், உள்ளே நிற்பவர்கள் பிடிக்கும் செங்குத்துக் கம்பி ஒன்று. தண்ணீருக்கு மேலே கம்பி ஒரு இடத்தில் நிற்கிறது, தண்ணீருக்குக் கீழே சற்று விலகி நிற்கிறது, டம்ளரில் போட்ட பென்சில் மாதிரி. தண்ணீருக்கு, ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் 1.333 என்று கொடுத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. ஜன்னல் கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் துளி இடைவெளி விட்டால் அங்கே காற்று இருப்பதாகக் கணக்குப் போட்டு, ஓரமெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டியது போல் மின்னிவிடும். தண்ணீரின் ஓரத்தைக் கண்ணாடிக்குள் ஒரு மயிரிழை நுழைத்துவிட வேண்டும். தம்பி இதைக் கண்டுபிடிக்க ஐந்து ராத்திரி ஆனது என்றான். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில், ஒவ்வொரு முறையும் ரெண்டருக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து. ‘பஸ் நல்லா இருக்கு, கடலை எடுத்துடு’ என்றவர் அந்த ஜன்னலைப் பார்க்கவே இல்லை.

நம் ஊருக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. போன பொங்கல் லீவில் தாராசுரம் போயிருந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம், காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மகள் அரை மணி நேரம் கையை மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து அதை முப்பரிமாணத்தில் செய்து பார்த்தேன். கேமரா நேராக இருக்கும்வரை நன்றாக இருந்தது. பத்து டிகிரி திருப்பியதுமே காளையும் போச்சு, யானையும் போச்சு, நடுவில் ஏதோ ஒரு கட்டிதான் இருந்தது. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சிற்பி ஏன் இதை முழுச் சிலையாக வடிக்காமல் சுவரில் புடைப்பாக மட்டும் செதுக்கினார் என்பது அப்போதுதான் உறைத்தது. பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்பதையும் சேர்த்தே அவர் செதுக்கியிருக்கிறார். கேமராவை வைக்கும் கலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்பேன்.

கோலத்தையும் சொல்ல வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணமாக எழுத முடியும் என்று 1974-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள், அது வெளிவந்த இதழே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கான இதழ். வாசலில் அம்மா புள்ளி வைத்து இழுப்பதைப் பார்த்து அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். எங்கள் வகுப்பில் ஒருமுறைகூட யாரும் இவர்கள் பெயரைச் சொன்னதில்லை.

வேலைதானே முக்கியம் என்பீர்கள். நானும் குடும்பஸ்தன், எனக்குத் தெரியும். கடன் வாங்கிப் படிக்க வைக்கிற அப்பாவுக்கு முன்னால் கலை, கனவு என்று நான் லெக்சர் அடிக்க மாட்டேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? ஒரே டோனட், ஒரே ரூம், ஒரே கார். டோனட் என்ற வளையப் பலகாரத்தை பிளெண்டரில் செய்யச் சொல்லித்தரும் பாடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆண்ட்ரூ பிரைஸ் என்ற ஆஸ்திரேலியர் இலவசமாகச் சொல்லித்தரும் அருமையான பாடம் அது, நானும் அதில்தான் தொடங்கினேன். கைப்பழக்கத்துக்கு அது வேண்டும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிறபோது ஒரு எண்ணைக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிட்டுப் போகிறோம், அந்த எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. கேட்கவைப்பது இந்த விநோதப் படங்கள்தான். வேலைக்கு எடுப்பவர் ‘இந்தத் தண்ணீரை எப்படிச் செய்தாய்’ என்று கேட்டால் தம்பியால் ஒரு மணி நேரம் பேச முடியும். என் காரைப் பற்றி என்னால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச முடியாது.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, ‘பஸ்ஸுக்குள் கடல்’ என்று ஒரு வரி அடித்தால் படம் வந்துவிடுமே, இதற்கு எதற்கு ஐந்து ராத்திரி என்று என் மச்சான் கேட்டார். வரும், நானும் அடித்துப் பார்த்தேன், அழகாகவே வந்தது. ஆனால் அந்தப் படத்தில் அடுத்த ஜன்னலுக்கு நான் போக முடியவில்லை. கம்பி ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தம்பியின் பஸ்ஸில் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கலாம், பின்படிக்கட்டில் நின்று பார்க்கலாம், கடலை வற்றவைக்கலாம், ராத்திரி ஆக்கலாம். அவன் அந்த பஸ்ஸுக்குள் ஏறி இறங்கியிருக்கிறான். படிக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் வாசகர்களில் பலர் இதற்கு லட்சக்கணக்கில் ஆகும் என்று நினைத்துப் பிள்ளையைத் தடுத்துவிடுகிறார்கள். பிளெண்டர் இலவசம். நெதர்லாந்தின் டோன் ரோசன்டால் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் 2002-ல் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்கள் கையில் இருந்த அந்த சாஃப்ட்வேரை மீட்டு எல்லாருக்கும் பொதுவாக்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது. பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து ஏழே வாரத்தில் அதைத் திரட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து யாரும் பைசா கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். லாட்விய இயக்குநர் ஒருவர் சின்னக் குழுவோடு இதை வைத்தே செய்த முழுநீள அனிமேஷன் படம் 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. ஓரளவு நல்ல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் இருந்தால் பிள்ளை இன்றைக்கே தொடங்கலாம்.

பயிற்சி மையம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு பயிற்சியாவது பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். விநோதமாக ஏதாவது செய்து வந்தால் ‘எடுத்துடு’ என்பதற்கு முன் ‘எப்படிச் செய்தே’ என்று கேளுங்கள். அதன் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள். பெற்றோர்களுக்கு: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்கள் பிள்ளை திரையில் யானைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தால் அது நேரத்தை வீணாக்குகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சக்கரம் சுற்றும்போது யானை ஏன் சாயவில்லை என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மா கேட்ட ஒரு கேள்வி எனக்கு நானூறு படி செய்யக் கற்றுக்கொடுத்தது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பகுதியில் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த படங்களைப் போடுகிறீர்கள். என் மகளின் படம் வந்த தாளை பீரோவில் வைத்திருக்கிறோம். அதே பக்கத்தில் கால் பக்கம் கொடுங்கள், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கற்கிற பிள்ளைகள் செய்த இந்த மாதிரிப் படங்களுக்கு. படத்துக்குக் கீழே, இதைச் செய்யும்போது எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன் என்று அவர்களே ஐந்து வரி எழுதட்டும். பரிசெல்லாம் வேண்டாம். பேப்பரில் வந்தது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் போதும், அடுத்த ரெண்டருக்குக் கரண்ட் பில் கேட்டு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

தம்பி கடலோடு இருந்த ஃபைலை அழிக்கவில்லை, வீட்டில் தனியாக வைத்திருந்தான். அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டு, அந்தப் படத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். போட முடிந்தால் போடுங்கள். இடத்துக்காக ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தால் வலப்பக்கம் ரோட்டையும் பின்படிக்கட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள், தம்பி பரவாயில்லை என்று சொல்லிவிட்டான். இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஸ்ரீரங்கம், திருச்சி.